பக்கமிதவைப் பாய்மர ஓடங்கள்: மதுரையில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் என் வீட்டுப் பின்கட்டில் உள்ள தச்சுக் கொட்டகையில், பக்கவாட்டில் மிதவை கட்டிய மரப் பாய்மர ஓடங்களின் சிறு மாதிரிகளையும், உண்மையாகவே தண்ணீரில் ஓடும் பதினான்கு அடி ஓடம் ஒன்றையும் செய்திருக்கிறேன். பள்ளி மாணவர்கள், தச்சர்கள், பணி ஓய்வு பெற்றவர்கள் எனப் பலர் வந்து பார்க்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றுக்கு நான் வழக்கமாகச் சொல்லும் விடைகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

பக்கமிதவை ஓடம் என்றால் என்ன?

ஒடுங்கிய, நீளமான ஓர் ஓடம். அதற்கு இணையாகச் சற்றுத் தள்ளி நீரில் மிதக்கும் ஒரு கட்டை. இரண்டையும் இணைக்கும் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட குறுக்குக்கழிகள். அடிப்படை அவ்வளவுதான். அந்தக் கட்டையைப் 'பக்கமிதவை' என்றும், இணைக்கும் கழிகளைக் 'குறுக்குக்கழி' என்றும் இந்தப் பக்கம் முழுவதும் குறிப்பிடுகிறேன். பசிபிக் தீவுகள், இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், மடகாஸ்கர், இலங்கை ஆகிய இடங்களில் இவ்வகை ஓடங்கள் வழங்கிவந்திருக்கின்றன. தைவானிலிருந்து தெற்கே பரவிய ஆஸ்திரோனேசிய மொழி பேசும் மக்கள் இவற்றைக் கொண்டுதான் உலகின் மிகப் பெரிய கடற்பரப்பில் குடியேறினார்கள். ஹவாய் மொழியில் ஓடத்திற்கு வஆ என்றும், மிதவைக்கு அமா என்றும், குறுக்குக்கழிக்கு இயாக்கோ என்றும் பெயர்.

இது நம் கட்டுமரம்தானே?

இல்லை, ஆனால் இந்தக் குழப்பத்திற்கு ஒரு காரணம் உண்டு. கட்டுமரம் என்பது கட்டைகளை அருகருகே சேர்த்துக் கயிற்றால் கட்டிய மிதவை. அதற்கு உட்குழிவு கிடையாது. அலை மேலே ஏறினால் நீர் இடுக்குகள் வழியாக வடிந்துவிடும். இந்தச் சொல் ஆங்கிலத்திற்குப் போய், காலப்போக்கில் இரண்டு உடல்களை இணைத்துக் கட்டிய படகின் பெயராக மாறிவிட்டது. அதனால் 'கேட்டமரான்' என்று கேள்விப்பட்டு வருகிறவர்கள் பசிபிக் ஓடத்தையும் நம் கட்டுமரத்தையும் ஒன்றாக எண்ணிக்கொள்கிறார்கள். வடிவம் வேறு என்றாலும் ஒன்று பொதுவானது: இரண்டுமே ஆணியால் அல்ல, கட்டால் நிற்பவை. சொல்லின் முன்பாதியை மறந்துவிட்டு 'மரம்' என்ற பின்பாதியை மட்டும் பார்ப்பவர்களுக்கு இந்தப் படகுகள் புரிவதில்லை என்பது என் கருத்து.

அந்தச் சின்னக் கட்டை எப்படி ஓடத்தைக் கவிழாமல் காக்கிறது?

வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் தைத் தெப்பத் திருவிழா பார்த்தவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். அந்தத் தெப்பம் அகலமானது. அகலம் இருப்பதால்தான் அவ்வளவு உயர அலங்காரத்தைத் தாங்கிக்கொண்டு ஆடாமல் நகர்கிறது. ஆனால் அகலமான ஒன்றை நீரில் நகர்த்துவது கடினம் என்பதால், கரையில் நிற்பவர்கள் வடம் பிடித்து இழுக்கிறார்கள். கடலில் விரைவாகப் போக வேண்டிய ஓடம் ஒடுங்கியிருக்க வேண்டும், ஒடுங்கினால் புரளும். பக்கமிதவை அந்த அகலத்தின் பயனை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் எடையையும் நீர்த்தடையையும் விட்டுவிடுகிறது.

கணக்காகப் பார்ப்போம். 20 கிலோ எடையுள்ள மிதவை ஓடத்தின் நடுக்கோட்டிலிருந்து 2 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று கொள்வோம். காற்று பாயைத் தள்ளி ஓடத்தைச் சாய்க்கும்போது மிதவை நீரைவிட்டு மேலே எழ முயலும். அப்போது அதன் எடை நெம்புகோல் போலச் செயல்பட்டு, நடுக்கோட்டிலிருந்து 1 மீட்டரில் 40 கிலோ வைத்ததற்குச் சமமான எதிர்ப்பைத் தருகிறது. அதுவும் போதாமல் போனால் 60 கிலோ எடையுள்ள ஒருவர் குறுக்குக்கழி வழியாக மிதவை வரை நகர்ந்து உட்காருவார். எதிர்ப்பு நான்கு மடங்காகும். இந்த வகையில் எடையைக் கூட்டுவதும் குறைப்பதும் மனிதர்கள் உட்காரும் இடத்தை மாற்றுவதால் நடக்கிறது. ஓடத்தில் பாரக்கல் ஏற்ற வேண்டிய தேவை இல்லை.

காற்று மறுபக்கத்திலிருந்து வந்து மிதவையை நீருக்குள் அழுத்தினால் கணக்கு மாறிவிடும். அப்போது காப்பது எடை அல்ல, மிதப்பு. 40 லிட்டர் கொள்ளளவுள்ள மிதவை முழுவதும் மூழ்கினாலும், தன் எடையையும் சேர்த்து, 40 கிலோவுக்கு மேல் தாங்காது. அதைத் தாண்டினால் மிதவை மூழ்கி, நீரில் இழுபட்டு, ஓடத்தைத் திருப்பிக் கவிழ்க்கும். ஒற்றை மிதவை ஓடங்களில் பல மிதவையைக் காற்று வரும் பக்கத்திலேயே வைத்துக்கொள்வதற்கு இதுவே காரணம்.

அப்படியானால் இரண்டு பக்கமும் மிதவை கட்டிவிடலாமே?

கட்டுகிறார்கள். பிலிப்பைன்ஸின் பாங்கா படகுகளும் இந்தோனேசியப் படகுகள் பலவும் இருபக்க மிதவை கொண்டவை. அங்கே மிதவையாகப் பெரும்பாலும் மூங்கில் கட்டுகிறார்கள். திறந்த பெருங்கடலில் இரண்டு மிதவைகள் இரண்டு வெவ்வேறு அலைகளில் சிக்கிக் குறுக்குக்கழிகளை முறுக்கும் என்பதால், நெடுந்தூரம் சென்ற பசிபிக் மக்கள் ஒற்றை மிதவையையோ இரட்டை ஓடத்தையோ தேர்ந்தார்கள்.

ஆணியோ போல்ட்டோ போட்டால் இன்னும் உறுதியாக இருக்குமே, ஏன் கயிறு?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் செலவிடுகிறேன். ஏனென்றால் நானே முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

என் பதினான்கு அடி ஓடத்திற்கு மேலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து இயற்கையாகவே வளைந்த இரண்டு பூவரசங்கழிகள் கிடைத்தன. அவற்றை ஓடத்தின் விளிம்பில் 10 மி.மீ. துளை போட்டு இரும்பு போல்ட்டால் முடுக்கினேன். கொட்டகையில் பிடித்து உலுக்கிப் பார்த்தபோது அசையவே இல்லை. அந்த அசையாமையைக் கண்டு மகிழ்ந்தேன். மழைக்குப் பின் கண்மாய் நிறைந்திருந்தபோது முதன்முறையாக இறக்கினோம். காற்று லேசாக வீசியவரை ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒரே ஓர் ஓங்கிய காற்று. மிதவை நீரைவிட்டு எழுந்து, பொத்தென்று விழுந்தது. முன் கழி துளையின் வழியாகவே, கத்தியால் வெட்டியது போல் இரண்டாகப் போனது. கரையேறி முறிந்த இடத்தைப் பார்த்தால், துளையின் இரண்டு ஓரங்களிலும் மர நார் நசுங்கி வெளுத்திருந்தது.

நடந்தது இதுதான். ஓடமும் மிதவையும் ஒரே நேரத்தில் ஒரே அலையில் இருப்பதில்லை. ஒன்று ஏறும்போது மற்றொன்று இறங்கும். ஒவ்வொரு முறையும் குறுக்குக்கழி வளையவும் முறுக்கவும் வேண்டியிருக்கிறது. கழி எங்கே ஓடத்தைச் சேர்கிறதோ அங்கேதான் வளைவின் சுமை மிக அதிகம். நான் அந்த இடத்திலேயே துளை போட்டு நாரை அறுத்ததோடு, அசையவும் இடம் கொடுக்காமல் முடுக்கிவிட்டேன். கயிற்றுக்கட்டோ நாரை அறுப்பதில்லை. விரலளவு நீளத்திற்குச் சுமையைப் பரப்பிவிடுகிறது. ஒவ்வோர் அலைக்கும் ஒரு நூலளவு நகர்ந்து, மீண்டும் தன் இடத்திற்கு வருகிறது.

மதுரையில் இதற்குச் சான்று தேடிக் கடலுக்குப் போக வேண்டியதில்லை. கோபுரத் திருப்பணிக்குச் சவுக்குக் கம்புகளால் சாரம் கட்டுவதைப் பாருங்கள். மீனாட்சியம்மன் கோயிலின் 2009 குடமுழுக்குக்கு முன் கோபுரங்களைச் சுற்றி எழுந்து நின்ற சாரம் நினைவிருக்கும். ஏறக்குறைய 170 அடி உயரத் தெற்குக் கோபுரத்தில், காற்றடித்தால் மெல்ல அசைந்து கொடுக்கும் கம்புகளின் மேல் ஆட்கள் நின்று வேலை செய்தார்கள். சாரம் கட்டுகிறவர் இரு கம்புகளைச் சுற்றி முதலில் பல சுற்றுப் போடுவார். பிறகு அந்தச் சுற்றுகளையே இரு கம்புகளுக்கும் நடுவில் குறுக்கே நெரித்துச் சுற்றி, காலால் உதைத்து இறுக்குவார். குறுக்குக்கழிக் கட்டின் உயிர் அந்த இரண்டாவது நெரிப்புச் சுற்றில்தான் இருக்கிறது. அது இல்லாத கட்டு எவ்வளவு சுற்றுப் போட்டாலும் ஒரு மணி நேரத்தில் தளரும். என் இரண்டாவது கழியைக் கட்டும் முறையை எனக்குக் கற்றுத் தந்தவர் கடலையே பார்த்திராத ஒரு சாரம் கட்டும் பெரியவர்தான்.

எந்தக் கயிறு?

தேங்காய் நார்க் கயிறு. உப்புநீரில் எளிதில் மட்காது, இழுத்தால் கொஞ்சம் கொடுக்கும், மரத்தின் மேல் வழுக்காமல் பிடிக்கும். நைலான் கயிறு வலிமையில் பன்மடங்கு என்றாலும் வழவழப்பானது, முடிச்சு நழுவும். நாம் நாரை முறுக்கிப் புரியாக்கிக் கயிறு திரிக்கிறோம். பசிபிக் மக்கள் நாரைத் தொடையில் உருட்டி இழையாக்கி, தலைமுடி போலப் பின்னுகிறார்கள். பின்னிய கயிறு தட்டையாகப் படியும், அறுந்தாலும் புரி பிரியாது. மாதிரி ஓடங்களுக்கு நானும் பின்னிய நாரைத்தான் பயன்படுத்துகிறேன். கை வலிக்கும் வேலை, ஆனால் கட்டின் அழகே தனி.

பாயும் அதன் கயிறுகளும் எப்படி அமைகின்றன?

முதலில் நம் கடற்கரைச் சொற்களை நினைவுபடுத்துகிறேன், ஏனென்றால் அவை இருக்கும்போது வேறு சொல் தேட வேண்டியதில்லை. முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம். பாய் கட்டப்படும் கழி பருமல். பருமலை மேலே ஏற்றும் கயிறு ஆஞ்சான். பாயின் தளர்ந்த மூலையைப் பிடித்துக் காற்றுக்கு ஏற்ப இழுத்தும் விட்டும் கொடுக்கும் கயிறு தாமான்.

பசிபிக் ஓடங்களின் புகழ்பெற்ற பாய் நண்டுக்கொடுக்கு வடிவம் கொண்டது. முக்கோணப் பாயின் இரண்டு நீள ஓரங்களிலும் இரண்டு கழிகள்; மேற்கழி பருமல், கீழ்க்கழி பாயின் அடியை விரிப்பது. இரண்டும் சேரும் கூர்முனை ஓடத்தின் அணியத்தில் ஊன்றப்பட்டிருக்கும். பாய்மரம் நடுவில் நின்று, ஆஞ்சானால் பருமலின் இடைப்பகுதியைத் தாங்குகிறது. மேற்குப் பசிபிக்கின் சிறு தீவுகளான மைக்ரோனேசியாவின் ஓடத்தில் பாய்மரத்தின் உச்சியிலிருந்து மிதவைப் பக்கத்திற்கு இறங்கும் கயிறு மிக முக்கியமானது: காற்று பாயைத் தள்ளும் விசை முழுவதும் அந்தக் கயிற்றின் வழியாகவே மிதவைக்குப் போகிறது. அது அறுந்தால் மரம் மறுபக்கம் சாயும். ஆகவே ஓடத்தை இறக்கும் முன் நான் முதலில் தொட்டுப் பார்ப்பதும் அதைத்தான்.

இலங்கையின் ஒற்றை மிதவை ஓடமான 'ஒருவ', நீர்கொழும்புக் கரையில் இன்றும் பாய் விரித்து ஓடுவது, வேறு வகை. அதன் சதுரப் பாயை இரண்டு நீண்ட கழிகள் மூலைகளில் ஏந்தி விரிக்கின்றன. அதன் உடல் குடைந்த மரம். மேலே பலகைகள் கயிற்றால் தைக்கப்பட்டிருக்கும்.

மிதவை எப்போதும் காற்றுப் பக்கம் இருக்க வேண்டுமென்றால், திரும்பி வருவது எப்படி?

ஓடத்தைத் திருப்புவதில்லை, முன்னையும் பின்னையும் மாற்றிக்கொள்கிறார்கள். இந்த விடையைச் சொன்னதும் தச்சர்களின் முகத்தில் தோன்றும் வியப்பைப் பார்க்க எனக்கு மிகவும் பிடிக்கும்.

இந்த ஓடங்களுக்கு இரு முனையும் ஒரே வடிவம். திசை மாற்ற வேண்டிய இடம் வந்ததும் தாமானை விட்டுவிடுவார்கள். பாய் காற்றை இழந்து படபடக்கும். ஓடம் குறுக்காக நின்று, மிதவை காற்றைப் பார்த்தபடி அமைதியாக மிதக்கும். ஒருவர் பாயின் கூர்முனையை அணியத்திலிருந்து தூக்கி, காற்று போகும் பக்கமாகவே ஓடத்தின் மறுமுனைக்குக் கொண்டுபோய் ஊன்றுவார். மரமும் அந்தப் பக்கம் சாய்க்கப்படும். சுக்கான் துடுப்புப் பிடித்தவர் எதிர்முனைக்குப் போய் உட்காருவார். தாமானை இழுத்ததும் ஓடம், சற்றுமுன் அமரமாக இருந்த முனையை அணியமாகக் கொண்டு புறப்படும். மிதவை இருந்த இடத்திலேயே, காற்றுப் பக்கத்திலேயே இருக்கிறது. மைக்ரோனேசிய ஓடங்களும் இலங்கை ஒருவவும் இவ்வாறே ஓடுகின்றன.

கரோலின், மரியானா தீவுகளின் ஓடங்களில் இதற்கேற்ற இன்னொரு நுணுக்கமும் உண்டு: உடலின் இரு பக்கமும் ஒன்றுபோல் இருக்காது. காற்று போகும் பக்கம் தட்டையாகவும் மிதவைப் பக்கம் உப்பலாகவும் செதுக்குவார்கள். மிதவையின் இழுவையால் ஓடம் ஒரு பக்கம் திரும்ப முயல்வதை அந்த உப்பல் ஈடுசெய்கிறது.

இதில் அபாயமும் உண்டு. கவனம் தவறிக் காற்று மறுபக்கத்திலிருந்து பாயில் பட்டுவிட்டால், பாய் மரத்தோடு ஒட்டிக்கொள்ளும். தாமானை விட்டாலும் காற்று வெளியேறாது. அந்த நிலை வராமல் காப்பதுதான் சுக்கான் பிடிப்பவரின் முழு வேலையும்.

இவை உண்மையிலேயே அவ்வளவு விரைவானவையா?

ஆம். வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலக் கடலோடி 1686இல் குவாம் தீவில் ஒரு ஓடத்தின் வேகத்தை அளந்தார். 12 முடிச்சுகள் கொண்ட அளவுக்கயிறு, அரை நிமிட மணற்குடுவை பாதி வடியும் முன்பே முழுவதும் ஓடித் தீர்ந்தது. குடுவை முழுதும் வடிவதற்குள் எத்தனை முடிச்சு ஓடுகிறதோ, மணிக்கு அத்தனை மைல் வேகம் என்பது கடலோடிகளின் கணக்கு. ஆகவே மணிக்கு 24 மைல் ஓடக்கூடும் என்று அவர் நம்பினார். சோழமண்டலக் கரையின் கட்டுமரங்களைப் பற்றியும் அதே பயண நூலில் எழுதியவர் அவர்.

பத்தமடைப் பாயிலோ கோரைப்பாயிலோ பாய் செய்யலாமா?

செய்யலாகாது. பசிபிக் மக்களும் பாயைப் பின்னித்தான் செய்தார்கள். ஆனால் அது தாழை மடல். மடலைக் கீறிக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, சிறு துண்டுகளாகத் தைத்துச் சேர்ப்பார்கள். நம் கோரைப்பாயில் கோரை ஒரு திசையிலும் நூல் மறு திசையிலும் ஓடுகிறது. காற்று சுமை ஏற்றினால் நூல் அறுந்து கோரை உதிர்ந்துவிடும். பயிற்சிக்குப் பருத்திக் கேன்வாஸ் நல்லது, தார்ப்பாயும் போதும்.

நம் கரையில் ஏன் இது பரவவில்லை?

சோழமண்டலக் கரையில் அலை நேரே மணலில் உடைகிறது. அந்த அலையைக் கடந்து ஏற, நீர் வடியும் கட்டுமரமும், பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலா படகும் ஏற்றவை. நீட்டிக்கொண்டிருக்கும் மிதவை அங்கே முதல் அலையிலேயே முறியும். பாக் நீரிணையோ ஆழம் குறைந்தது, அலை அடங்கியது. அங்கே வத்தை என்னும் பாய்மரப் படகுகளில் மிதவைக்குப் பதிலாக ஒரு நீண்ட பலகையைக் குறுக்கே வைத்து, காற்றுப் பக்கம் நீண்டிருக்கும் அதன் நுனியில் ஆட்கள் போய் உட்கார்ந்து படகைச் சமன் செய்தார்கள். சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் 1920இல் இதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். மிதவை இல்லாமலேயே மிதவையின் எடை வேலையை மட்டும் செய்த அந்தப் பலகை, என்னைப் பொறுத்தவரை, இந்தத் துறையின் மிக அழகான தீர்வுகளில் ஒன்று.

மதுரைக்காரருக்குக் கடல் எதற்கு?

மதுரையிலிருந்து சிவகங்கை வழியாகப் பேருந்து ஏறினால் தொண்டிக் கடற்கரை வந்துவிடும். மதுரைக்காஞ்சி பாடிய மாங்குடி மருதனாருக்குப் பாய் விரித்த கப்பல் அயலானது அல்ல. "வால் இதை எடுத்த வளிதரு வங்கம்" என்கிறார். 'இதை' என்றால் பாய். காற்று கொண்டுவரும் கப்பல் என்று இந்த ஊரைப் பாடும் பாட்டே சொல்கிறது.

இங்கே கிடைக்கும் எந்த மரம் ஏற்றது?

உடலுக்கு மலைவேம்புப் பலகை எடுத்தேன்; இலேசானது, தோப்புகளில் வளர்ப்பதால் கிடைப்பதும் எளிது. குறுக்குக்கழிக்குப் பூவரசு. பசிபிக் தீவுகளிலும் இதே பூவரசு வளர்கிறது. ஹவாயில் குறுக்குக்கழிக்கு அதற்கு உறவான, செம்பருத்திக் குடும்பத்து மரம் ஒன்றைத்தான் தேடி வெட்டினார்கள். மிதவைக்கு அவர்கள் கொண்ட விலிவிலி மரம் நம் கல்யாணமுருங்கையின் நெருங்கிய இனம். அது தெரிந்த நாளில் வேலியில் நின்ற கல்யாணமுருங்கையை நான் வேறு கண்ணோடு பார்த்தேன். பாய்மரத்துக்கு மூங்கில்.

கண்மாயில் ஓட்டலாமா?

ஊராரிடமும் உரிய அலுவலகத்திலும் கேட்டு அனுமதி பெற்ற பிறகு, நீச்சல் தெரிந்தவர்கள், உயிர்காப்பு உடை அணிந்து, கரையில் ஒருவரை நிறுத்திவிட்டு ஓட்டலாம். நீர் நிறைந்திருக்கும் மாதங்கள் குறைவு. கருவேல முட்கள் நீருக்கடியில் இருக்கும் இடங்களைத் தவிர்க்க வேண்டும்.

கட்டுகளை எப்போது மாற்ற வேண்டும்?

நாள் கணக்கு வைக்காதீர்கள்; விரலால் தடவிப் பாருங்கள். வெளியே தெரியும் சுற்றுகள் கடைசியில்தான் கெடும். முதலில் தேய்வது கழிக்கும் விளிம்புக்கும் இடையில், கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே வளையும் இழை. அங்கே விரலை நுழைத்தால் தூள் தூளாக நார் ஒட்டுகிறதென்றால், அந்தக் கட்டு முழுவதையும் அவிழ்த்துவிட்டுப் புதிய கயிற்றால் கட்டுங்கள். பழைய கயிற்றோடு புதியதை முடிந்து தொடராதீர்கள். புதிய கயிற்றை ஒரு பகல் நீரில் ஊறப் போட்டு, ஈரத்தோடு இழுத்து நீட்டிவிட்டுக் கட்டினால், முதல் ஓட்டத்திற்குப் பின் ஒருமுறை நெரிப்புச் சுற்றை மட்டும் இறுக்கினால் போதும்.